பொதிச்சோறும் பைத்தானும்

வடசேரி பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் வெளியூர் பஸ் ஏறுகிறவர்களின் பைகளைக் கவனித்தால், சில பைகளில் ஒரு பொட்டலம் தலைகாட்டும். வாட்டிய வாழையிலைக்குள் சோறு, அதன் மேல் துவையல், ஓரத்தில் பொரியல், கொஞ்சம் வசதிப்பட்டால் ஒரு மீன் துண்டு. அதைச் சுற்றி ஒரு பழைய செய்தித்தாள், அதன் மேல் ஒரு நூல் கட்டு. குமரி மாவட்டத்தில் இதற்குப் பொதிச்சோறு என்று பெயர்.

பொதிச்சோற்றின் பெருமை ருசியில் மட்டும் இல்லை. மதுரையில் பிரித்தாலும் திருச்சியில் பிரித்தாலும் அப்படியே சாப்பிடலாம். அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், தட்டு கூட வேண்டாம். கட்டிக் கொடுத்தவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிட்டார்.

இப்போது வேறு ஒன்றை யோசித்துப் பாருங்கள். சோற்றுக்குப் பதிலாக, தீயல் வைப்பது எப்படி என்று ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? வாங்கிக்கொண்டு போனவருக்கு அடுப்பு வேண்டும். தேங்காய் வேண்டும், வறுக்கச் சட்டி வேண்டும், அரைக்க மிக்ஸி வேண்டும். "புளி கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டும். குறிப்பில் ஒரு தவறும் இல்லை. ஆனால் வயிறு நிறைவதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

கணினி நிரல்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. சி போன்ற மொழியில் எழுதிய நிரலை முதலிலேயே இயந்திர மொழிக்கு மாற்றிவிடுவார்கள். அது ஏறக்குறைய சமைத்த சோறு. பெர்ல், பைத்தான், ரூபி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதிய நிரல் சமையல் குறிப்பு மாதிரி. அதைப் படித்துச் செய்துகாட்ட வரிமொழிமாற்றி என்ற இன்னொரு மென்பொருள் அந்தக் கணினியிலேயே இருக்க வேண்டும். அந்த நிரல் பயன்படுத்தும் துணை நிரல்கள் எல்லாம் சரியான பதிப்பில் இருக்க வேண்டும். எழுதியவர் கணினியில் ஓடும் நிரல் அடுத்த வீட்டுக் கணினியில் ஓடாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

"பேக்கேஜ்" என்ற சொல்லுக்குத் தமிழ் லினக்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பொதி! அந்தப் பொதியைக் கட்டக் கற்றுக்கொள்ள ஸ்கிரிப்ட் மொழிகளுக்குக் கால் நூற்றாண்டு ஆனது. ஒரு தமிழ் நிரல்மொழிக்கும் அதே பாடு வந்தது. அந்தக் கதைதான் இது.

21 துண்டுகளாக வந்த மொழி

லாரி வால் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை 1987 டிசம்பரில் வெளியிட்டார். நெதர்லாந்தில் கிடோ வான் ரோசம் பைத்தானை 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். அப்போது இன்று இருப்பதுபோல் தரவிறக்கப் பொத்தான் எதுவும் கிடையாது. யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையமைப்புதான் இருந்தது. அதில் பெரிய கோப்பை ஒரே மடலாக அனுப்ப முடியாது. அதனால் பைத்தான் 21 துண்டுகளாக வெட்டப்பட்டு, 21 மடல்களாக வந்தது. வேண்டியவர்கள் எல்லாத் துண்டுகளையும் சேகரித்து, ஒட்டி, தங்கள் கணினிக்கு ஏற்றபடி தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு தொலைந்தால் கதை முடிந்தது.

மொழியே இப்படி வந்தது என்றால், அந்த மொழியில் எழுதிய நிரல்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பல்கலைக்கழகக் கணினியில் ஒரு மூலையில் போட்டு வைப்பார்கள். அது அங்கே இருப்பது தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வணிகவியல் பாடத்தில் "இடப் பயன்பாடு" என்று ஒன்று படிக்கிறோம் அல்லவா? பொருள் நல்லதாக இருந்தால் போதாது, தேவைப்படுகிறவர் இருக்கும் இடத்துக்கு வந்தால்தான் அதற்கு மதிப்பு என்பது. தோவாளையில் பூத்த பிச்சிப்பூ அன்றைக்கே கட்டி ஏற்றப்படாவிட்டால் மறுநாள் அது குப்பை. நிரல் வாடாது, உண்மைதான். ஆனால் யாருக்கும் கிடைக்காத நிரலும் குப்பையும் ஒன்றுதான்.

முதலில் இதைப் புரிந்துகொண்டவர்கள் பெர்ல்காரர்கள். 1995 அக்டோபரில் சிபான் என்ற பொதுக் களஞ்சியம் அறிவிக்கப்பட்டது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு ஏற்கெனவே இருந்த சிடான் என்ற களஞ்சியம்தான் அதற்கு முன்மாதிரி. எல்லோருடைய பெர்ல் நிரல்களும் ஒரே இடத்தில் இருக்கும். அதன் நகல்கள் பல நாடுகளில் இருக்கும். பக்கத்தில் உள்ள நகலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொத்தச் சந்தை ஒன்று, அதன் கிளைகள் பல என்ற ஏற்பாடு. 1990-களின் பிற்பகுதியில் பெர்ல் மொழி இணையம் முழுக்கப் பரவியதற்கு இந்தச் சந்தையும் ஒரு முக்கியக் காரணம்.

பாலாடைக்கட்டி இல்லாத கடை

பைத்தான்காரர்களுக்கு இது பொறாமையாக இருந்தது! "பார்னாசஸ் பெட்டகங்கள்" என்ற இணையப் பக்கத்தில் பைத்தான் நிரல்களின் சுட்டிகளைத் தொகுத்து வைத்திருந்தார்கள். சுட்டியைச் சொடுக்கினால் நிரல் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

1998-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த பைத்தான் மாநாட்டில் கிரெக் வார்ட் என்பவர் இதைப் பேச எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்தது டிஸ்ட்யூட்டில்ஸ். 2000-ல் வந்த பைத்தான் 1.6 பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. அதன் அடிப்படை எளிமையானது. நிரலை எழுதியவர் கூடவே செட்அப் என்ற ஒரு சிறு கோப்பையும் எழுதி வைக்க வேண்டும். பொதியின் பெயர் என்ன, பதிப்பு எண் என்ன, எழுதியவர் யார், எந்த உரிமத்தில் கிடைக்கிறது, உள்ளே என்னென்ன கோப்புகள் என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

இதைக் கடையில் பார்த்த மாதிரி இருக்கிறதா? பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை. இந்தியாவில் 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. காரணம் ஒன்றுதான். வாங்குகிறவரும் தயாரித்தவரும் நேருக்கு நேர் சந்திக்கப் போவதில்லை. எனவே பொட்டலமே பேச வேண்டும். செட்அப் கோப்பு செய்ததும் அதே வேலைதான்.

அடுத்து கடை வேண்டும். ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் முன்வைத்த திட்டப்படி 2003-ல் பைத்தான் பொதி அட்டவணை தொடங்கியது. பைபிஐ என்பது அதன் சுருக்கப் பெயர். தொடக்கத்தில் அங்கே பொதிகளின் பெயரும் விவரமும்தான் இருந்தன. சரக்கு வேறெங்கோ இருக்கும். பைத்தான் என்ற பெயரே மாண்டி பைத்தான் என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. அந்தக் குழுவின் ஒரு நாடகத்தில் பாலாடைக்கட்டிக் கடை ஒன்று வரும். கடையில் பாலாடைக்கட்டி மட்டும் இருக்காது! பைபிஐ-க்கும் அந்தக் கடையின் பெயரையே செல்லப்பெயராக வைத்துவிட்டார்கள். சரக்குகளையே அங்கு ஏற்றி வைக்கும் வசதி பிறகுதான் வந்தது.

2004-ல் பிலிப் எபி என்பவர் செட்அப்டூல்ஸைக் கொண்டுவந்தார். அதனுடன் வந்த ஈசி இன்ஸ்டால், ஒரு பொதியைக் கேட்டால் அதற்குத் தேவையான மற்ற பொதிகளையும் தானே தேடிக் கொண்டுவரும். தீயல் குறிப்பைக் கொடுத்தால் தேங்காயும் புளியும் வீடு தேடி வந்த மாதிரி. அது உருவாக்கிய பொதிகளுக்கு "முட்டை" என்று பெயர். பைத்தான் என்ற பாம்பு முட்டைதானே போடும்? ஆனால் ஒரு குறை. பொதியைப் போட வழி இருந்ததே தவிர, நீக்க ஒரு கட்டளை இல்லை.

இயன் பிக்கிங் 2007-ல் வர்ச்சுவல்என்வ், 2008-ல் பிப் என்று இரண்டு கருவிகளைத் தந்தார். முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை பிரித்துக் கொடுக்கும். ஒரு நிரலுக்கு வேண்டிய பழைய பதிப்பும் இன்னொரு நிரலுக்கு வேண்டிய புதிய பதிப்பும் சண்டை போடாமல் இருக்கும். இரண்டாவது, பொதியைப் போடும், கேட்டால் நீக்கவும் செய்யும். 2012-ல் "வீல்" என்ற புதிய பொதி வடிவம் வகுக்கப்பட்டது. சி மொழிப் பகுதிகள் கலந்த நிரல்களையும் முன்கூட்டியே சமைத்து அனுப்ப அது வழி செய்தது. 2014 மார்ச்சில் வந்த பைத்தான் 3.4-லிருந்து பிப் பைத்தானுடனேயே வந்தது. 1991-ல் 21 துண்டுகளை ஒட்டியவர்கள், 23 வருடம் கழித்து ஒரே வரியில் பொதி இறக்கினார்கள்.

மற்ற மொழிகளும் சும்மா இருக்கவில்லை. ரூபிக்கு 2004 மார்ச்சில் ரூபிஜெம்ஸ் வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010-ல் என்பிஎம் வந்தது.

நான்கு எழுத்தா, பதினெட்டா?

இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்தில் படிக்கும் நிரல்களின் கதை. தமிழில் நிரல் செய்தவர்களுக்கு இன்னும் ஒரு சுமை கூடுதலாக இருந்தது. அது எழுத்து.

2000-களின் தொடக்கத்தில் தமிழ் மென்பொருள் கொடுப்பது என்றால் கூடவே எழுத்துருவும் கொடுக்க வேண்டும். திஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்கள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி-யில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய, மண்டல அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தை டிக் செய்து, எக்ஸ்பி குறுந்தகட்டையும் உள்ளே போட வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டரில் அந்தத் தகட்டை யார் தருவார்கள்?

அந்தக் காலத்தில் எ-கலப்பை ஏன் அவ்வளவு பேருக்குப் பிடித்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அது ஸ்கிரிப்ட் மொழி நிரல் அல்ல. ஆனால் கீமேன் என்ற விசைப்பலகை இயக்கியையும் தமிழ் விசைப்பலகை அமைப்பையும் சேர்த்து ஒரே நிறுவியாகக் கட்டிக் கொடுத்தது. சொடுக்கினால் போதும், தமிழில் தட்டலாம். ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கட்டிக் கொடுத்த வேலையும் இருக்கிறது.

எழுத்துரு பிரச்சினையை யூனிகோடு தீர்த்தது. ஆனால் நிரலுக்குள் வேறு சிக்கல் இருந்தது. வடசேரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை எழுத்து? வ, ட, சே, ரி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை கூட நான்கு என்று சொல்லிவிடும். பைத்தான் 2-ல் சாதாரணச் சரமாகக் கொடுத்து நீளம் கேட்டால் 18 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் அது எடுத்துக்கொள்ளும் பைட்டுகளின் எண்ணிக்கை அது. பைத்தான் 3-ல் கேட்டால் 6 என்று சொல்லும். யூனிகோடில் சகரமும் ஏகாரக் குறியும் தனித்தனி, ரகரமும் இகரக் குறியும் தனித்தனி. நான்கு என்ற சரியான விடை இரண்டிலும் நேரடியாக வராது.

ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்ப, அகர வரிசையில் அடுக்க, எழுத்துப்பிழை பார்க்க என்று எதைச் செய்தாலும் முதலில் இந்தக் கணக்கைச் சரிசெய்தாக வேண்டும். தமிழ் நிரலாளர்கள் ஒவ்வொருவரும் இதைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் போய்ச் சேர வழியில்லை. ஏனென்றால் அது பொதியாகக் கட்டப்படவில்லை.

எழில்

இந்த இடத்தில் வருகிறது எழில் என்ற மொழி. அமெரிக்காவில் வாழும் தமிழரான முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. 2009-ல் அவர் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை இணையத்தில் வெளியிட்டார். 2013-ல் மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் பொதுவுக்கு வந்தது.

எழில் மொழியின் நோக்கம் தெளிவானது. ஆங்கிலம் தெரியாத ஒரு மாணவரும் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால் கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். இப்படி இருக்கும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுபடி எழுதலாம்"
முடி

"ஆனால்" என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். "மழை பெய்தால்", "பாஸ் ஆனால்" என்று தமிழ் பேசும் முறையே அது. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும், தமிழில் பின்னால் வரும். சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் வாக்கிய அமைப்பையும் தமிழாக்கியிருக்கிறார்கள்.

எழில் மொழியே பைத்தானில் எழுதப்பட்டது. ஆக, எழில் நிரல் ஒன்று ஓட வேண்டுமென்றால் அதைப் படிக்க எழில் வேண்டும். எழிலைப் படிக்கப் பைத்தான் வேண்டும். குறிப்புக்குள் இன்னொரு குறிப்பு! இதனால் பொதி கட்டும் கேள்வி எழிலுக்கு மற்றவற்றைவிட இரட்டிப்பாக வந்தது.

முதல் விடை பைபிஐ. எழிலைப் பொதியாக அங்கே ஏற்றினார்கள். "பிப் இன்ஸ்டால் எழில்" என்று ஒரு வரி கொடுத்தால் போதும். எழிலுக்காக எழுதிய தமிழ் எழுத்துகளைக் கையாளும் பகுதிகள் ஓப்பன்-தமிழ் என்ற தனிப் பொதியாக, எம்ஐடி உரிமத்தில் வளர்ந்தன. வடசேரியைக் கொடுத்தால் சரியாக நான்கு எழுத்து என்று சொல்லும் பொதி அது. எழில் பக்கமே போகாதவர்களும் ஓப்பன்-தமிழைத் தங்கள் நிரல்களில் பயன்படுத்த முடிந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய கணக்கு, முதல் முறையாகப் பொதுச் சொத்தானது. பொதி கட்டியதன் பலன் இதுதான்.

இரண்டாவது விடை உலாவி. எழிலின் இணையதளத்திலேயே நிரலைத் தட்டி ஓட்டிப் பார்க்கும் வசதியைக் கொடுத்தார்கள். எதையும் நிறுவ வேண்டாம். இது பொதிச்சோறு கூட இல்லை, ஓட்டலுக்கே வந்து சாப்பிடுவது. ஆனால் ஓட்டல் திறந்திருக்க வேண்டும், அங்கே போக வழியும் இருக்க வேண்டும்.

பிப் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

இங்கேதான் உண்மையான சிக்கல். பிப் ஒரு நல்ல கருவி, நிரலாளர்களுக்கு. எழில் யாருக்காக எழுதப்பட்டது? நிரலே தெரியாத, ஆங்கிலம் படிக்கத் தயங்கும் மாணவர்களுக்காக.

தமிழ்வழியில் படிக்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியிடம் எழிலைப் பற்றிச் சொன்னால் என்ன நடக்கும்? முதலில் பைத்தானை இறக்கு. நிறுவும்போது ஒரு கட்டத்தை டிக் செய்ய மறக்காதே. பிறகு கருப்புத் திரையைத் திற. ஆங்கிலத்தில் இந்தக் கட்டளையைத் தட்டு. சிவப்பில் பிழைச்செய்தி வந்தால் அதையும் ஆங்கிலத்தில் படி. இவ்வளவையும் தாண்டினால் தமிழில் நிரல் எழுதலாம்! ஆங்கிலம் தேவையில்லை என்று சொல்லும் வீட்டுக்கு ஆங்கிலத்தில் பூட்டு போட்ட மாதிரி. அந்தக் கருப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியாது என்பது தனிக் கதை.

இணைய இணைப்பும் சேர்ந்து கொள்கிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் பலருடைய வீட்டுக்கு அதுதான் முதல் கணினி. கணினி வந்த வீடுகள் எல்லாவற்றிலும் இணையம் வரவில்லை. பிப் என்பது வழக்கமாக இணையம் இருந்தால்தான் வேலை செய்யும் கடை. பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட ஒரு கோப்பு வேண்டும்.

அதனால் தேவைப்பட்டது சமையல் குறிப்பு அல்ல, பொதிச்சோறு. அதற்குப் பைத்தான் உலகில் கருவிகள் இருந்தன. பை2எக்ஸி, சிஎக்ஸ்_ஃப்ரீஸ், பைஇன்ஸ்டாலர் ஆகியவை. இவற்றின் வேலையை "உறைய வைத்தல்" என்பார்கள். நிரல் எந்தெந்தத் துணைப் பொதிகளை அழைக்கிறது என்று இந்தக் கருவி முதலில் தேடும். அவை எல்லாவற்றையும், பைத்தான் வரிமொழிமாற்றியையும் சேர்த்து ஒரே உறையில் கட்டிவிடும். வாங்குகிறவர் கணினியில் பைத்தான் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. நடைமுறையில் மூன்று தொல்லைகள். ஒன்று, நிரல் மறைமுகமாக அழைக்கும் பொதிகளைக் கருவி கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். எழுதியவர் கணினியில் ஓடும், மற்ற இடத்தில் ஓடாது. இரண்டு, விண்டோஸுக்கான பொதியை விண்டோஸில்தான் கட்ட வேண்டும், லினக்ஸுக்கானதை லினக்ஸில். மூன்று, அளவு. பத்து வரி நிரலுக்கும் முழு வரிமொழிமாற்றியைச் சுமக்க வேண்டும். ஒரு வாய் சோறு கட்டினாலும் முழு இலை வேண்டுமல்லவா?

எழில் குழு 2017 வாக்கில் இந்த வேலையில் இறங்கியது. எழுதி என்ற திரைத் தொகுப்பானை உருவாக்கினார்கள். கருப்புத் திரைக்குப் பதிலாக, தமிழில் பட்டிகளும் பொத்தான்களும் உள்ள ஒரு சன்னல். அதையும் எழில் மொழியையும் சேர்த்து விண்டோஸ் நிறுவியாகக் கட்டும் வேலை நடந்தது. கட்டும்போது பட்ட பாடுகளைக் கணியம் இதழில் தமிழிலேயே எழுதி வைத்தார்கள். மொழியை வடிவமைத்ததைவிட அதைக் கொண்டுசேர்ப்பது சுலபம் என்று யாராவது நினைத்திருந்தால், அந்தக் கட்டுரைகள் அந்த எண்ணத்தை மாற்றிவிடும்.

பக்கத்து ஊரில் ஒரு பாடம்

வடசேரியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் திருவனந்தபுரம். அங்கே இதே கேள்விக்கு வேறு விதமாக விடை கண்டார்கள். கேரள அரசின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2000-களில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. தனித்தனி நிரல்களைக் கொடுத்து ஆசிரியர்களை நிறுவச் சொல்லவில்லை. இயங்குதளம், மலையாள எழுத்துரு, விசைப்பலகை, பாடத்துக்கான நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டிப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். கணினியில் அதைப் போட்டால் வகுப்புக்கு வேண்டிய எல்லாம் இருக்கும்.

இதில் தெரிவது ஒன்று. எந்த மொழியில் நிரல் எழுதினார்கள் என்பதைவிட யார் பொறுப்பெடுத்துக் கட்டிக் கொடுத்தார்கள் என்பதே பல சமயம் முக்கியமாகிறது. அங்கே கட்டியது அரசு. எழிலைக் கட்டியது வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உழைத்த ஒரு சிறு குழு. உபுண்டுவை வெளியிடும் நிறுவனம் 2011 வரை உலகம் முழுக்கக் குறுந்தகடுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கலாம். நகலெடுக்கச் செலவில்லாத பொருளுக்கும் கொண்டுசேர்க்கச் செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் தருகிறார் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

கட்டிய பொதியும் கெடும்

ஒரு முறை கட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை.

2016 மார்ச்சில் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பொதியை எழுதியவர், ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு நீக்கிவிட்டார். மொத்தமே 11 வரி நிரல் அது. அதை நம்பியிருந்த பொதிகள், அவற்றை நம்பியிருந்த பொதிகள் என்று உலகம் முழுக்க ஏராளமான வேலைகள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் நிர்வாகம் அதைத் திரும்ப வைத்தது. சங்கிலியில் ஒரு கண்ணி எவ்வளவு சிறியது என்பது பொருட்டல்ல என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

நம்பிக்கை இன்னொரு பிரச்சினை. வடசேரி கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு எதற்கு? பெயரைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்பதற்கு. பொதிக் களஞ்சியங்களில் புகழ்பெற்ற பொதியின் பெயரில் ஒரெழுத்தை மாற்றிக் கெட்ட நிரல்களை ஏற்றியவர்கள் உண்டு. எழுதியவரின் கணக்கையே திருடியவர்களும் உண்டு. 2024 தொடக்கத்திலிருந்து பைபிஐ-யில் பொதி ஏற்றுகிற எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமானது.

கடைசியாகக் காலம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்தது. 2000-ல் வழி தொடங்கி வைத்த டிஸ்ட்யூட்டில்ஸ் 2023-ல் வந்த பைத்தான் 3.12-லிருந்து நீக்கப்பட்டது. பத்து வருடம் முன்பு கட்டிய பொதியை இன்றைய கணினியில் அப்படியே பிரிக்க முடியாமல் போகலாம். நிரலில் ஒரு வரி கூடக் கெடவில்லை. ஆனால் சுற்றியிருந்த உலகம் நகர்ந்துவிட்டது. யாராவது ஒருவர் அவ்வப்போது அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டுகிறவர்கள்

2019-லிருந்து தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. தமிழ்வழிப் பாடநூலும் உண்டு. ஒவ்வொரு வருடமும் தமிழ்வழி மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுகிறார்கள். அவர்களில் ஒருவர் நாளைக்குத் தன் ஊருக்குப் பயன்படும் ஒரு நிரலை எழுதக்கூடும். வாழைத்தார் கணக்கோ, பஸ் நேர அட்டவணையோ, நெசவுக் கூலிக் கணக்கோ. எழுதி, தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, மகிழ்ந்து, அங்கேயே விட்டுவிடவும் கூடும்.

அப்படி விடப்பட்ட தமிழ் நிரல்கள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவை தவறான நிரல்கள் அல்ல, கட்டப்படாத நிரல்கள். எழில் பிழைத்திருப்பதற்கும் ஓப்பன்-தமிழ் பல நிரல்களுக்கு அடித்தளமானதற்கும் காரணம், எழுதியவர்கள் எழுதியதோடு நிற்கவில்லை. பெயர், பதிப்பு எண், உரிமம், சார்புகள் என்று சலிப்பான விவரங்களை உட்கார்ந்து எழுதினார்கள். தங்களுடையது அல்லாத கணினிகளில் போட்டுப் பார்த்தார்கள். முகம் தெரியாத ஒருவர் எங்கே தடுமாறுவார் என்று யோசித்தார்கள்.

விடியற்காலை பஸ்ஸுக்குச் சோறு கட்டுகிறவர்களும் அதைத்தான் யோசிக்கிறார்கள். இலை கிழியுமா, குழம்பு ஒழுகுமா, மத்தியானம் வரை தாங்குமா. நல்ல சமையல்காரர்கள் நிறைய பேர் உண்டு. பஸ் கிளம்புவதற்குள் கட்டி முடிக்கிறவர்தான் வேண்டும்.